நிலத்தை அறியும் நெறி

சேலம் நகரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் கொண்டையூசி வளைவுகள் 20 உள்ளன. கடல் மட்டத்திற்கு மேல் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் தொடங்கும் பயணம் 1,500 மீட்டர் உயரத்தில் முடிகிறது. அடிவாரத்தில் உசிலும் வேலும் காரையும் நிறைந்த முட்காடு காணப்படும். இடைச்சரிவில் மூங்கிலும் வெக்காலியும் சந்தனமும் கலந்து நிற்கும். கோடையில் அக்காடு இலையுதிர்த்துச் சாம்பல் நிறம் கொள்ளும். மேலே ஏறினால் காப்பித் தோட்டங்களும், அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக்கொடிகளும் கண்ணைக் குளிர்விக்கும். ஒரு மணி நேரத்திற்குள் வழிப்போக்கன் மூன்று நாடுகளைக் கடந்து வந்தவனைப் போல வியப்படைகிறான். ஆயினும், எந்த வளைவில் ஒரு நிலம் முடிந்து மற்றொரு நிலம் தொடங்கியது என்று அவனைக் கேட்டால் விடை கூற இயலாது திகைப்பான்.

இக்கேள்வி வழிப்போக்கனுக்கு மட்டும் உரியதன்று. எந்தச் சரிவில் காப்பி நடலாம், எந்தச் சரிவைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும், எந்தப் பள்ளத்தில் நீர் தங்கும், எந்த மேட்டில் கல் வெட்டலாம் என்று முடிவு செய்பவர்கள் யாவரும் முதலில் நிலத்தை வகுத்தாக வேண்டும். நிலத்திற்கு இட்ட பெயர் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. தரிசு என்று பெயரிட்ட இடத்தில் மரம் நடுகின்றனர். காடு என்று பெயரிட்ட இடத்தில் கோடரியைத் தடுக்கின்றனர். பெயர் பிழைத்தால் செயலும் பிழைக்கும். ஆகவே நிலத்தை எவ்வாறு வகுப்பது, எந்தச் சான்றை முதலில் நம்புவது என்னும் வினா பெரியதொரு வினாவே ஆகும்.

தமிழர் இவ்வினாவைப் பழங்காலத்திலேயே எழுப்பியவர்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. காடு சார்ந்தது முல்லை. வயல் சார்ந்தது மருதம். கடல் சார்ந்தது நெய்தல். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் இணைத்து முதற்பொருள் என்று கூறும். மரமும் விலங்கும் பறவையும் உணவும் கருப்பொருளாம். நிலத்தோடு காலத்தையும், காலத்தோடு உயிர்களையும் சேர்த்து நோக்கிய இக்கருத்து போற்றத்தக்கது. பாலைக்குத் தனி நிலம் வகுக்காமல், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் தன்மை திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுவதும் நுட்பமான செய்தியாகும். ஆயினும், இப்பாகுபாடு பாட்டிற்கு உரிய ஒழுக்கத்தைக் காட்ட எழுந்ததேயன்றி, உழவனுக்கு வழிகாட்ட எழுந்ததன்று. ‘இக்கால விஞ்ஞானம் முழுவதும் அன்றே நம்மிடம் இருந்தது’ என்று மேடைகளில் முழங்குவோர் நம் முன்னோர்க்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணுகின்றனர். முன்னோரோ அப்பெருமையைக் கேட்கவில்லை. சேர்வராயன் மலை முழுவதும் குறிஞ்சி என்று கூறிவிட்டால், அடிவார முட்காட்டுக்கும் உச்சியின் ஈரச் சோலைக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகும் அன்றோ?

மக்களின் ஊர்ப்பெயர்கள் இவ்வகையில் மேலும் நுட்பமானவை. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர். ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த மஞ்சக்குட்டை என்னும் ஊரின் பெயரில் நீர் தங்கும் குட்டை இருக்கிறது. தலைச்சோலை என்னும் ஊரின் பெயரில் சோலை இருக்கிறது. மலையில் வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு பள்ளத்தையும் மேட்டையும் தனித்தனியே அறிந்திருந்தனர் என்பதற்கு இப்பெயர்கள் சான்றாகும்.

இக்கால அறிஞர்கள் நிலத்தை வகுக்க மூன்று சான்றுகளை நாடுகின்றனர். அவை தட்பவெப்பம், தாவரம், மண் என்பன. மூன்றும் மூன்று சாட்சிகளைப் போன்றவை. மூன்றும் உண்மை கூறக்கூடியவை; எனினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு.

தட்பவெப்பத்தை முதலில் காண்போம். 1802ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் தென் அமெரிக்காவின் சிம்பொராசோ மலையில் ஏறினார். உயரம் கூடக் கூட வெப்பம் குறைவதையும், அதற்கேற்பத் தாவரங்கள் படிப்படியாக மாறுவதையும் கண்டு, ஒரே மலையின் படத்தில் அவற்றை அடுக்கடுக்காக எழுதிக் காட்டினார். அவருக்குப் பின் வந்த கோப்பென் என்பவர் வெப்பத்தையும் மழையையும் எண்களால் அளந்து, உலகம் முழுவதையும் சில எழுத்துக் குறிகளுக்குள் அடக்கினார். இன்றும் பூகோளப் புத்தகங்களில் அக்குறிகளைக் காணலாம். ஆனால் ஒரு செய்தி மறக்கத் தகாதது. கோப்பென் தம் எல்லைக்கோடுகளை வெறும் எண்களைக் கொண்டு வரையவில்லை. எங்கே காடு முடிந்து புல்வெளி தொடங்குகிறதோ அங்கே கோடு விழும்படி எண்களைத் தேர்ந்துகொண்டார். தட்பவெப்பம் பேசுவதுபோலத் தோன்றினும், பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தது தாவரமே.

பிரெஞ்சுத் தாவரவியலார் ஹென்றி கோசன் தம் தோழர் ஒருவருடன் 1953இல் எளிய விதி ஒன்றை வெளியிட்டார். ஒரு மாதத்தில் பெய்யும் மழையை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். அம்மாதத்தின் சராசரி வெப்பத்தைச் சென்டிகிரேடு அளவில் எடுத்து இருமடங்காக்க வேண்டும். மழையின் எண் அதற்கு மேற்படாவிட்டால் அது வறண்ட மாதம். இவ்விதியைச் சேலத்து மலையில் பொருத்திப் பார்ப்பது பயன் தரும். ஒரு மாதத்தில் மலையிலும் அடிவாரத்திலும் ஒரே அளவாக 45 மில்லிமீட்டர் மழை பெய்தது என்று கொள்க. அடிவாரத்தில் வெப்பம் 28 டிகிரி; அதன் இருமடங்கு 56. ஆதலின் அங்கே அது வறண்ட மாதம். மலைமேல் வெப்பம் 20 டிகிரி. அதன் இருமடங்கு 40. ஆதலின் அங்கே அது ஈர மாதம். ஒரே அளவு மழை கீழே முள்ளுக்கும் மேலே சோலைக்கும் துணையாகும் விந்தையை இச்சிறு கணக்கு விளக்கிவிடுகிறது. உண்மையில் மலைமேல் மழையும் மிகுதி. ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சேலத்தில் பெய்வது 1,000 மில்லிமீட்டரை ஒட்டியது.

இனி இச்சாட்சியின் குறையைக் காண்போம். மழைமானி ஓர் இடத்தில் நிற்கிறது. மலையோ பல முகங்களை உடையது. காற்றை எதிர்கொள்ளும் சரிவில் மழை கொட்டும்போது, அதன் மறுபக்கத்துச் சரிவு காய்ந்து கிடக்கும். அன்றியும், ஆண்டின் மொத்த மழை காப்பிக்காரனுக்குப் பாதிச் செய்தியே ஆகும். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கோடை மழையில்தான் காப்பிச் செடி பூக்கும். அம்மழை பொய்த்து, பின்னர் அதே அளவு ஐப்பசியில் சேர்த்துப் பெய்தால் ஆண்டுக் கணக்கு நிறையும், கூடை நிறையாது.

இரண்டாவது சாட்சி தாவரம். மரஞ்செடிகொடிகள் பல ஆண்டுகளாக ஓரிடத்திலேயே நின்று, மழையையும் வெயிலையும் மண்ணையும் ஒருங்கே நுகர்ந்து வளர்பவை. ஆதலின் அவை எழுதாத பதிவேடு போன்றவை என்று கருதிய அறிஞர் பலர். ஹாரி சாம்பியன் என்னும் வனத்துறை அறிஞர் 1936இல் இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் காடுகளை வகைப்படுத்தினார். அதனைச் சேத் என்பவருடன் சேர்ந்து 1968இல் திருத்தி வெளியிட்டார். இந்தியக் காடுகளை 16 பெருவகைகளாகப் பிரித்த அந்நூலையே நம் வனத்துறையினர் இன்றளவும் கையாளுகின்றனர். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமும் கோசனின் வழிகாட்டுதலில் தாவரப் படங்களை வரைந்தது. குமரிமுனைப் பகுதியின் படம் 1961இல் வெளிவந்தது. அப்படங்களில் நிறங்களுக்கும் பொருள் உண்டு. வெப்பமும் வறட்சியும் மிக்க நிலம் செம்மையும் மஞ்சளும் சார்ந்த நிறங்களையும், ஈரம் மிக்க நிலம் நீலம் சார்ந்த நிறங்களையும் பெற்றிருக்கும்.

ஆனால் மஞ்சக்குட்டை போன்ற மலையூரில் இச்சாட்சியை விசாரித்தால் என்ன கூறும்? சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையிலிருந்து வந்தது. காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820ஆம் ஆண்டுகளில் இம்மலைக்கு அப்பயிரைக் கொண்டுவந்தார். வேலியோரங்களில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியோ அமெரிக்கக் கண்டத்தது. இம்மூன்றையும் கண்டு இந்நிலத்தின் இயல்பு இன்னதென்று கூறுவது, விருந்தினரை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் இன்னார் என்று கூறுவது போலாகும். தாவரம் பொய் கூறவில்லை. அது நிலத்தின் வரலாற்றைக் கூறாமல், மனிதனின் விருப்பத்தைக் கூறுகிறது.

இக்குறையை அவ்வறிஞர்கள் அறியாதவர்கள் அல்லர். சாம்பியன் தம் நூலில் சீர்கெட்ட காடுகளுக்கெனத் தனிப் பிரிவுகள் வைத்தார். கோசன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அடர்ந்த காடு, சிதைந்த காடு, புதர், புல் ஆகிய நான்கும் தோற்றத்தில் வேறாயினும், ஒரே நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றக் கூடுமாயின், அவற்றை ஒரே தொடராகக் கொள்ள வேண்டும் என்றார். இது மிகச் சிறந்த எண்ணம். எனினும், புதரைக் கண்டு அதன் முன்னோரான காட்டை ஊகிக்க வேண்டுமே. ஊகத்திற்கு அடிப்படை எங்கே? அதனை அளிக்கவல்லவை கோயிற்காடுகள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தம் தெய்வங்களுக்கென விட்டுவைத்த சிறு காடுகள் சில இன்னும் உள்ளன. ஒரு சரிவில் முன்பு எவ்வகை மரங்கள் இருந்திருக்கக்கூடும் என்பதற்கு அச்சிறு காடுகள் சான்று பகர்கின்றன. அவற்றிலும் மனிதன் கைபடவில்லை என்று உறுதி கூறுவதற்கில்லை. ஆயினும் தோட்டத்தைவிட அவை நம்பத்தக்கவை.

தாவரத்தை மட்டும் நம்பியதால் நேர்ந்த தீங்கிற்கு, சேர்வராயனைவிட உயர்ந்த நீலகிரி தக்க எடுத்துக்காட்டு. நீலகிரியின் உச்சிகளில் பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியும் இருந்தன. புல்வெளியைக் கண்ட ஆட்சியாளர் அதனை மரமற்ற வீண்நிலம் என்று கொண்டனர். வீண்நிலத்தைப் பயன்படுத்துவது கடமை அன்றோ? ஆஸ்திரேலியாவின் சீகை மரத்தையும் தைல மரத்தையும் 19ஆம் நூற்றாண்டு முதல் அங்கே நட்டனர்; 20ஆம் நூற்றாண்டில் பெருமளவில் நட்டனர். பின்னர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுகுமாரும் அவர் தோழர்களும் நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மக்கிய மண்ணை ஆராய்ந்து, முடிவை 1993இல் வெளியிட்டனர். வெப்பநாட்டுப் புல்லில் உள்ள கரியும் மரத்தில் உள்ள கரியும் நுண்ணிய அளவில் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டைக் கொண்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாக அங்கே புல்லும் மரமும் தட்பவெப்பத்திற்கேற்ப மாறி மாறி ஓங்கி வந்த வரலாற்றை அவர்கள் கண்டறிந்தனர். அப்புல்வெளி காடழிந்த நிலமன்று. கோடரிக்கு முற்பட்ட பழமையான நிலம். கண்ணுக்குத் தெரிந்த புல் கூறாத உண்மையைக் காலடியில் கிடந்த மண் கூறிற்று.

இனி மூன்றாவது சாட்சியாகிய மண். மண் என்பது பாறையின் பொடி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உருசிய நாட்டின் கரிய மண்ணை ஆராய்ந்து 1883இல் நூல் வெளியிட்ட தொகுச்சாயெவ் அக்கருத்தை மாற்றினார். பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் சாய்வு, காலம் ஆகிய ஐந்தும் கூடி ஆக்கிய தனிப்பொருளே மண் என்று அவர் நிறுவினார். அங்ஙனமாயின் மண்ணில் மற்ற இரு சாட்சிகளின் வாக்குமூலமும் அடங்கியிருக்கிறது என்றே கூற வேண்டும். மரத்தை ஒரு நாளில் வெட்டலாம். மழை ஓராண்டில் பொய்க்கலாம். மண்ணின் உடல் அவ்வளவு விரைவில் மாறாது.

சேர்வராயன் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட்டு எனப்படும் கடினமான கருநிறப் பாறை. பாறை ஒன்றேயாயினும், அதன்மேல் உள்ள மண் இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. உச்சிச் சமவெளியில் நெடுங்கால மழை பாறையின் கரையக்கூடிய பொருள்களை எல்லாம் கழுவிச் சென்றுவிட்டமையால், இரும்பும் அலுமினியமும் எஞ்சிய செந்நிறப் படிவம் கிடக்கிறது. அதுவே பாக்சைட்டு. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக இம்மலையிலிருந்து பாக்சைட்டு வெட்டி எடுத்த காலமும் உண்டு. செங்குத்தான சரிவில் மழைநீர் மண்ணை நிற்கவிடுவதில்லை. அங்கே மண் மெலிந்து, கல் மிகுந்து காணப்படும். சரிவிலிருந்து இறங்கிய மண்ணும் மக்கிய இலையும் பள்ளத்தில் தங்கும். அங்கே மண் ஆழ்ந்து கறுத்திருக்கும். ஒரே மழை, ஒரே பாறை, ஒரே உயரம். ஆயினும் நூறு மீட்டர் நடப்பதற்குள் மூன்று மண். மழைமானியும் காட்டுப் படமும் காணாத இவ்வேறுபாட்டை மண்வெட்டி காண்கிறது.

மண்ணுக்கும் குறையுண்டு. பாக்சைட்டு உருவாக மிக நெடிய காலம் வேண்டும். அக்காலத்துத் தட்பவெப்பமும் இன்றைய தட்பவெப்பமும் ஒன்றென்று கொள்ள இயலாது. கிழவர் ஒருவர் தம் இளமைக்காலத்து ஊரையே இன்றைய ஊராக எண்ணிப் பேசுவதுண்டு. பழைய மண்ணும் சிலபோது அவ்வாறே பேசும். ஆதலின் அதனிடம் வயதைக் கேட்டறிந்த பின்னரே மற்றவற்றைக் கேட்க வேண்டும்.

மூன்று சான்றுகளையும் சேர்த்து நாட்டை வகுத்த முயற்சிகளும் உண்டு. நாகபுரியில் உள்ள மண் ஆராய்ச்சி நிறுவனம், மண்ணையும் நிலத்தோற்றத்தையும் தட்பவெப்பத்தையும், பயிர் வளரத்தக்க நாட்களின் எண்ணிக்கையையும் ஒருங்கே நோக்கி, 1992இல் இந்தியாவை 20 வட்டாரங்களாகப் பிரித்தது. 1999இல் அவற்றை 60 உட்பிரிவுகளாக விரித்தது. மழையின் அளவை மட்டும் நோக்காமல், மண்ணில் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டதே இம்முறையின் சிறப்பு. தில்லியிலிருந்து நாட்டை நோக்குபவர்க்கு இப்படம் மிகவும் உதவும். மஞ்சக்குட்டையிலிருந்து நோக்குபவர்க்கோ அதில் மஞ்சக்குட்டை இராது.

தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையினர் மாநிலத்தை ஏழு மண்டலங்களாகப் பகுத்துள்ளனர். சேலம் மாவட்டம் வடமேற்கு மண்டலத்தில் அடங்கும். சேர்வராயன் மலை மட்டும் அதனின்று பிரிந்து மலை மண்டலத்தில் சேரும். மலையைச் சமவெளியோடு கட்டிப்போடாமல் விட்டது அறிவுடைமையே. ஆனால் அதே மலை மண்டலத்தில் நீலகிரியும், பழனி மலையும், கொல்லிமலையும், ஏலகிரியும் அடங்கியுள்ளன. 2,200 மீட்டர் உயரத்தில் உறைபனி விழும் உதகைக்கும், 1,000 மீட்டரைச் சற்றே கடந்த ஏலகிரிக்கும் பொதுவாக அறிவுரை கூறினால், அது இருவருக்கும் பொருந்தாத சட்டையாகவே முடியும்.

ஆஸ்திரேலியர் 1946இல் தம் நாட்டின் வடபகுதியை அளக்கப் புகுந்தபோது வேறொரு வழியைக் கண்டனர். விமானத்திலிருந்து எடுத்த படங்களில் மேடு, சரிவு, பள்ளம் ஆகியவை எந்த ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று முதலில் பார்த்தனர். பின்னர் ஒவ்வோர் ஒழுங்கிலும் சில இடங்களை நேரில் மிதித்து, மண்ணையும் செடியையும் ஆராய்ந்தனர். மலைநாட்டுக்கு இம்முறையே மற்றவற்றினும் ஏற்றது எனலாம். தட்பவெப்பத்தைக் கொண்டு பெரிய எல்லையை வரைக. சாய்வையும் மண்ணையும் கொண்டு உள்ளெல்லைகளை வரைக. தாவரத்தை இறுதியில் அழைத்து அவ்வெல்லைகள் சரிதானா என்று கேட்க. தாவரம் மறுத்துரைத்தால், பிழை கோட்டில் உள்ளதா, மனிதனின் கோடரியில் உள்ளதா என்று ஆராய்க. நம் நாட்டில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே நடைபெறுகிறது. பச்சையைக் கண்டவுடன் காடு என்றும், பச்சை குறைந்தவுடன் தரிசு என்றும் எழுதிவிடுகின்றனர்.

செயற்கைக்கோள்கள் சுற்றும் காலத்தில் மண்வெட்டி எதற்கு என்று கேட்பாரும் உளர். செயற்கைக்கோள் ஒரே நாளில் ஒரு மாவட்டத்தையே படம் பிடித்துவிடும் என்பது உண்மை. அதன் உதவி இன்றி இக்காலத்தில் பெரிய ஆராய்ச்சி எதுவும் நடவாது. ஆயினும், உயர்ந்த நிழல் மரங்களின் கீழ் வளர்ந்த காப்பித் தோட்டமும் இயற்கையான காடும் விண்ணிலிருந்து காண்பார்க்கு ஏறக்குறைய ஒரே பச்சையாகத் தெரியும். இவ்விரண்டையும் பிரித்தறிவது அத்துறையினர்க்கே இன்னும் கடினமாக உள்ளது. மரத்தின் தலையைக் காணும் கருவி அதன் வேரைக் காண்பதில்லை. ஆதலின், படத்தில் ஒரே நிறமாகத் தோன்றும் இடங்களில் யாரேனும் ஒருவர் மலையேறிச் சென்று, மேட்டில் ஒன்றும் சரிவில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாகக் குழி தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மண்ணின் ஆழம், நிறம், கல்லின் அளவு, வேர் சென்ற தூரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அவ்வூரார் அந்த இடத்தை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு குழிக்கு இரண்டு ஆட்களின் அரை நாள் உழைப்பு போதும். நீலகிரியின் புல்வெளிகளில் நட்ட சீகை மரங்களை அகற்றும் பணியோ இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.